புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி

நூறு வருஷத்துக்கு முந்தைய மலாயா. பெரிபெரி நோய் வந்தால் கால் வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயமே நின்றுபோகும். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தார்கள். தமிழர்களை மட்டும் நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் உலையில் கொதித்தது புழுங்கல் அரிசி!

1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோறு போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள், அது வேறு.

காரணம் இதுதான்: நெல்லை அவிக்கும்போது, பெரிபெரியைத் தடுக்கும் பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வடிகஞ்சியை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அதிலும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.