திருவள்ளூருக்கு ஓர் எல்லைக்கல்

திருவள்ளூர் மாவட்டத்தின் வரலாற்றைச் சொல்ல சாலையோரத்தில் ஒரு கல் நடுவதானால், அதில் எதை எழுதுவது? பெயர்க்காரணம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முதியவராக வந்த பெருமாள் சாலிஹோத்திர முனிவரிடம் படுக்க இடம் எவ்வுள் என்று கேட்டார், அதனால் திருஎவ்வுள், அதுவே திருவள்ளூர் என்கிறது தலபுராணம். அமாவாசை தோறும் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, நோயும் அப்படியே கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மக்களுக்கு அது வெறும் கதை அல்ல. கல்லில் அது கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் ஓர் ஊரின் கதையைத்தான் சொன்னதாகும். மாவட்டத்தின் கதை அதன் எல்லையில் இருக்கிறது.

எல்லையை எழுதி வைப்பதற்கு முன்மாதிரி இந்த மாவட்டத்திலேயே உண்டு. முதலாம் இராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடுகள் கொண்டது. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆணை அது. சோழர் குலப் பெருமையை விரிவாகப் பாடுகிறது. ஆனால் பாடிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. பெண் யானையை நடக்கவிட்டு ஊரெல்லையைச் சுற்றி வந்ததையும் பதிந்து வைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரே ஓர் ஊருக்கு இத்தனை அக்கறை காட்டியிருக்கிறார்கள்.

அதே அக்கறையோடு எழுதினால், நம் கல்லில் முதலில் வர வேண்டிய தேதி 1960 ஏப்ரல் 1. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரை, 1959-இல் வந்த எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் முடிவாக, அன்றுதான் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. செங்கல்பட்டைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தது 1997-இல்தான். 2018-இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் சென்னை மாவட்டத்துக்குப் போயின.

இதையெல்லாம் எழுதினால் ஆறிய புண்ணைக் கிளறியதாகாதா என்று கேட்கலாம். பெற்றதை மட்டும் எழுதினால் ஆகும்தான். கொடுத்ததையும் சேர்த்து எழுதினால் அங்கே வெற்றி முழக்கத்துக்கு இடமில்லை. இரு மாநிலங்கள் பேசித் தீர்த்த கணக்கு மட்டுமே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் எல்லைக்கு அப்பால் சத்தியவேடு பக்கத்துத் தொழில்நகரான ஸ்ரீசிட்டிக்கும் இன்று ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். எல்லையோர வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. அதனால் அந்தக் கல் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லை மாறிக்கொண்டே இருக்கிறதே, எழுதி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. மாறுவதால்தான் ஆண்டோடு எழுதச் சொல்கிறேன். அடுத்த மாற்றத்துக்கும் கீழே இடம் விட்டு வைக்கலாம்.

நெடுஞ்சாலையில் பறக்கிற வண்டியிலிருந்து யார் படிப்பார்கள் என்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் வண்டிகள் எப்படியும் நிற்கிற இடமாகப் பார்த்து நட வேண்டும். கொல்கத்தா சாலையில் எளாவூர் சோதனைச்சாவடி, திருப்பதி சாலையில் திருத்தணிப் பேருந்து நிலையம் என இரண்டு இடங்களில் தொடங்கலாம்.