ஏற்றிய வண்டியை இறுகக் கட்டுவோம்



பொழுது புலருமுன் பிரட்டுக்கும், அங்கிருந்து வெட்டுக்காட்டிற்கும், மாலையில் பட்டணத்துக் கடைக்கும் நம்மைச் சுமந்து செல்வது மோட்டார் சைக்கிள். மாதந்தோறும் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய உடைமை அது. அது நம்மைச் சுமப்பதைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். நாம் அதனைச் சுமந்து செல்ல நேரும் வேளைகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவ்வேளைகள் அரியன அல்ல. வண்டி பழுதுற்றால் லோரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். வேறு தோட்டத்திற்கு வேலை மாறினால், கட்டில், பானை சட்டிகளோடு வண்டியையும் ஏற்றுகிறோம். டிராக்டரின் பின்னே இணைத்த டிரெய்லரில் ஏற்றுவதும் உண்டு. அப்போது நாம் செய்வது என்ன? வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கையில் அகப்பட்ட கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, “தம்பி, நீ மேலே ஏறிப் பிடித்துக்கொள்” என்று ஓர் இளைஞரை அதன் அருகில் நிறுத்திவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும்.

காரணம் எளிது. லோரி திடீரென நிற்கும்போது, அதன் மேலுள்ள பொருள் நிற்பதில்லை. முன்னோக்கிப் போகவே முயல்கிறது. ஆகவே, கட்டு முன்புறமாகச் சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கங்களிலும் பின்புறத்திலும் பத்தில் ஐந்து பங்கையும் தாங்க வேண்டும் என்று சுமை கட்டும் விதிமுறைகள் பல வகுத்துள்ளன. நம்முடைய சிறிய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 100 கிலோ எடை உள்ளது. அப்படியானால், முன்புறம் மட்டும் 80 கிலோ அளவுக்குக் கட்டு தாங்க வேண்டும். ஒன்றரை உர மூட்டைக்கும் மேற்பட்ட அப்பளுவை, ஓடும் லோரியில் நின்றுகொண்டிருக்கும் ஒருவருடைய கைகள் தாங்குமா? வண்டி சாயும், பிடித்திருந்தவர் அதன் அடியில் சிக்குவார், அல்லது சாலையில் வீசப்படுவார். வண்டியின் நெளிவைப் பட்டறையில் நிமிர்த்தலாம். உயிரை நிமிர்த்தும் பட்டறை எங்கும் இல்லை.

ஆகவே, முதல் விதி இது: வண்டியைக் கயிறு பிடிக்கட்டும், மனிதர் பிடிக்க வேண்டாம்.

எந்தக் கயிறு? பழைய டியூபை அறுத்துக் கட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். ரப்பரின் குணத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? நீள்வது ரப்பரின் பெருமை. கட்டும் வேலையில் அதுவே அதன் குறை. பள்ளத்தில் லோரி குலுங்கும்தோறும் டியூப் நீளும், வண்டி ஆடும், முடிச்சு நெகிழும். இறுக்கும் பிடியோடு கூடிய பட்டை வார்களே சிறந்தவை. அவை இல்லையேல், நைந்து போகாத தடித்த கயிற்றைப் பயன்படுத்துவோம். கூரிய இரும்பு விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் சாக்குத் துண்டை மடித்து வைப்போம்.

இனி, ஏற்றும் முறையைக் காண்போம். எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். பெட்ரோலை மூடும் திருகு இருப்பின் அதனை மூட வேண்டும். லோரியை ஒரு மண்மேட்டின் ஓரமாகப் பின்னோக்கி நிறுத்தினால் பலகையின் சரிவு குறையும். பலகை நழுவாதபடி அதன் மேல்முனையை லோரியோடு கட்டிவிடுவோம். மழையில் நனைந்த பலகையில் மண்ணைத் தூவுவோம். ஒருவர் முன்னிருந்து கைப்பிடியையும் பிரேக்கையும் பிடிக்க, இருவர் பக்கத்திற்கு ஒருவராக நின்று தள்ளட்டும். வண்டிக்கு நேர் பின்னே எவரும் நிற்கலாகாது. வண்டியை ஓட்டியே மேலேற்றும் வீரமும் வேண்டாம்.

மேலேறிய வண்டியின் முன்சக்கரம் லோரியின் முன்தடுப்பில் முட்டி நிற்கட்டும். சக்கரத்தின் இரு பக்கமும் கட்டைகளை வைத்து அணைகொடுப்போம். இரண்டு சக்கர டிரெய்லராயின், சுமையின் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். பாரம் பின்னே விழுந்தால் டிரெய்லர் இருபுறமும் அலைந்து, இழுக்கும் வண்டியையும் நிலைகுலையச் செய்யும்.

கட்டுகள் நான்கு வேண்டும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. ஒவ்வொன்றும் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் சாய்வாக இழுக்கப்பட வேண்டும். முன்கட்டுகளை முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் உறுதியான இரும்பிலும், பின்கட்டுகளை வண்டியின் சட்டத்திலும் மாட்டுவோம். கண்ணாடி, விளக்கு, பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றில் கட்டலாகாது. பிறகு ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும். வண்டி தன் இரு சக்கரங்களிலும் நிற்க, முன் ஸ்பிரிங் பாதியளவு அமுங்கும்வரை இறுக்குவோம். ஸ்டாண்டின் மேல் நிறுத்திக் கட்டினால், குலுங்கும்போது ஸ்டாண்டு நழுவும், கட்டு தளரும். ஸ்பிரிங்கை முற்றிலும் அமுக்கிவிடுவதும் கேடாகும்.

புறப்பட்டதோடு நம் கடமை முடிவதில்லை. செம்மண் சாலையின் குலுக்கலில் எக்கட்டும் சற்றுத் தளரும். ஆதலால், தார்ச்சாலையைத் தொடும் முச்சந்தியில் லோரியை ஓரமாக நிறுத்தி, நான்கு கட்டுகளையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். வேகத்தையும் அடக்குவோம்; வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும்.

1973-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. இன்று அதனை அணியாமல் புறப்பட்டால் நம் பிள்ளைகளே நம்மைத் தடுத்துக் கேட்கின்றனர். அவ்வாறே இதனையும் பழக்கமாக்குவோம். நான்கு கட்டுகளைப் போடச் சிறிது நேரமே செல்லும். லோரியில் வண்டி மட்டும் போகட்டும். தம்பி நம்மோடு முன்னிருக்கையில் அமரட்டும், அல்லது பஸ்ஸில் வரட்டும். வீட்டில் அவருக்காகக் காத்திருப்போர் உண்டு என்பதை நினைவில் நிறுத்துவோம்.