தொழிலாளர்க்குச் சங்கம் இன்னும் வேண்டுமா?

தொழிலாளர் சங்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்று கூறுவோர் இன்று பலர் உளர். அவர்கள் எல்லோரும் தொழிலாளரின் பகைவர் அல்லர். நல்லெண்ணம் உடையவர்களும் அவ்வாறே கூறுகின்றனர். "முன்னாளில் கேட்பாரற்றுக் கிடந்த தொழிலாளிக்குச் சங்கம் துணையாயிற்று, அது உண்மை. இன்று சட்டங்கள் இருக்கின்றன, நீதிமன்றங்கள் இருக்கின்றன, தொழிலாளர் துறை இருக்கின்றது. வேலை நேரத்திற்கு வரம்பு உண்டு. குறைந்த அளவுக் கூலிக்கும் வரம்பு உண்டு. இனியும் சங்கம் எதற்கு?" என்பது அவர்களுடைய வாதம். இதனைப் புறக்கணித்துவிட்டுப் போதல் முறையன்று. இப்பேச்சைக் கேட்கும் மாணவர்களாகிய நீங்களும் நாளை ஏதேனும் ஒரு தொழில் செய்யவே போகின்றீர்கள். ஆதலால் இக்கேள்வி உங்களைப் பற்றியதும் ஆகும்.

சங்கம் ஏன் தோன்றியது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் ஒருவர் நிர்வாகியிடம் சென்று, "இந்தக் கூலி போதவில்லை" என்கின்றார். "விருப்பமில்லையென்றால் போகலாம்" என்பது விடை. அவர் போய்விட்டால் தொழிற்சாலைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இழப்பு. அந்த இடத்திற்கு வேறோர் ஆள் மறுநாளே கிடைப்பார். போனவருக்கோ முழு வாழ்வும் இழப்பு. சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் சமமானவரே. ஒருவர் வேலை கொடுக்கின்றார். மற்றவர் வேலை செய்ய இசைகின்றார். ஆனால் ஒருவருக்குக் காத்திருக்கும் வலிமை உண்டு. மற்றவருக்கு அஃது இல்லை. ஆயிரம் பேரும் ஒன்றாக வந்து அதே சொல்லைச் சொல்லும்பொழுதுதான் அச்சொல்லுக்குச் செவி கிடைக்கின்றது. சங்கத்தின் தத்துவம் இவ்வளவே.

இந்த எளிய உண்மையை நம் நாட்டில் முன்னின்று காட்டிய ஊர்களுள் சென்னை தலையானது. 1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவர் அதற்கு வித்திட்டனர். பி. பி. வாடியா தலைமை ஏற்றார். திரு. வி. கலியாணசுந்தரனார் தமது இனிய தமிழால் அதனை வளர்த்தார். பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் அன்று முறையிட்ட குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது. ஆட்சியைக் கவிழ்க்க அவர்கள் கூடவில்லை. அமர்ந்து சோறு உண்ணச் சிறிது நேரம் கேட்டே கூடினர்.

பின்னர் நடந்தது நாம் ஊன்றி நோக்க வேண்டியது. 1920 இல் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தது. ஆலை நிறுவனத்தார் சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் நட்ட ஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி கேட்பதே, ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. இந்நிலையைக் கண்டு நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் முறையான செயலைச் சதி என்று தண்டித்தல் ஆகாது என்றும், தொழில் தகராற்றில் அதன் செயலுக்காக நட்ட ஈட்டு வழக்குத் தொடர்தல் ஆகாது என்றும் அச்சட்டம் காப்பளித்தது. ஆகவே, "சட்டம் இருக்கின்றது, சங்கம் எதற்கு?" என்பார்க்கு நான் கூறும் முதல் விடை இது: அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததன்று. பிள்ளை வளர்ந்துவிட்டது, இனித் தாய் எதற்கு என்று கேட்கலாமா?

"சரி, வளர்ந்த பிள்ளை இனித் தானே நடக்குமன்றோ?" என்று நீங்கள் கேட்கலாம். நடக்குமா என்று பார்ப்போம். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றுகொண்டே வேலை செய்வோர்க்கு, இடையே ஓய்வு வாய்க்கும்பொழுது அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்று விதித்தது. ஆனால் கடை தொழிற்சாலை அன்று. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள்தோறும் பத்து மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு அவ்விதி எட்டவில்லை. கோழிக்கோட்டில் அத்தகைய பெண்கள் தங்களுக்குள் அமைப்பு ஒன்று ஏற்படுத்திக்கொண்டு, அமரும் உரிமை வேண்டும் என்று கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். கேரள அரசு 2018 இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 இல் அவ்வாறே திருத்தியது. தொழிற்சாலைக்கு 1948 இல் கிடைத்த நாற்காலி, கடைக்கு வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழிற்சாலையில் கேட்பதற்குச் சங்கம் இருந்தது, கடையில் இல்லை. தாமதத்தின் காரணங்களுள் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

அத்திருத்தம் வந்தபின் ஒரு நாள் நான் பெரியதொரு ஜவுளிக்கடைக்குச் சென்றிருந்தேன். விற்பனை மேடைக்குப் பின்னே முக்காலிகள் இருந்தன. அவற்றின்மேல் துணிக்கட்டுகள் இருந்தன. புடவைகளை எடுத்துப் போட்ட பெண் நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் இல்லாத நேரம். "சற்று உட்காரலாமே, அம்மா" என்றேன். "மேலே கேமரா இருக்குதுங்க ஐயா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். சட்டம் முக்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அதில் அமரும் துணிவை அதனால் கொடுக்க முடியவில்லை. தனி ஒருத்தி, "சட்டப்படி எனக்கு உரிமை உண்டு" என்று வாதாடிவிட்டு மறுநாள் வேலைக்கு வர இயலுமா? நூறு பேர் சேர்ந்து சொன்னால் இயலும்.

அமர்வது சிறு செய்தி என்று தோன்றலாம். உயிரே பணயமான நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். வங்கதேசத்தில் டாக்கா நகரை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள். கீழே கடைகளும் வங்கி ஒன்றும். 2013 ஏப்ரல் 23 ஆம் நாள் சுவர்களிலும் தூண்களிலும் பெரும் வெடிப்புகள் தோன்றின. வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளரோ மறுநாள் காலை வேலைக்கு வருமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். உள்ளே போக அஞ்சியவர்களிடம், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று சொல்லப்பட்டது. அன்று காலையிலேயே கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. வெடிப்பைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். "நாங்கள் உள்ளே போகமாட்டோம்" என்று ஒரே குரலில் சொல்ல அங்கே சங்கம் இல்லை. அந்த அழிவுக்குப் பின்னரே உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை வணிக நிறுவனங்களும், தீயணைப்பு, கட்டடப் பாதுகாப்பு பற்றிய ஒப்பந்தம் ஒன்றில் 2013 மே மாதம் கையெழுத்திட்டன. அதன்கீழ் அந்நாட்டின் ஆயிரத்திற்கு மேற்பட்ட தொழிற்கூடங்கள் சோதிக்கப்பட்டன. சங்கம் முன்பே இருந்திருந்தால் அந்தச் சோதனை ஏப்ரல் 23 அன்றே நடந்திருக்கக்கூடும் அன்றோ?

இனி மற்றொரு வாதம். "ஆலைகள் மறைந்துவிட்டன, தொழிலின் முகமே மாறிவிட்டது. கைப்பேசியில் ஆணை பெற்று உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞனுக்கு முதலாளி யார்? அவன் யாரிடம் சங்கம் வைத்துப் போராடுவது?" என்கின்றனர். இக்கேள்வி புதியதன்று. 1972 இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார், தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், வீட்டிலிருந்து துணி தைப்போர் முதலிய பெண்களைத் திரட்டி, சுயதொழில் பெண்கள் சங்கம் அமைத்துப் பதிவு செய்யச் சென்றார். "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் துறையினர் தயங்கினர். "சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்கென்றே அன்று, உழைப்போர் ஒன்றுபடுவதற்கு" என்பது அப்பெண்களின் வாதம். அவ்வாண்டே சங்கம் பதிவாயிற்று. பின்னர் இலட்சக்கணக்கான உறுப்பினரைக் கொண்டு வளர்ந்தது. கைப்பேசித் தொழிலாளரும் இன்று அவ்வழியே நடக்கத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்கென 2023 இல் இராஜஸ்தான் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அவ்வாண்டே நலவாரியம் அமைத்தது. முகம் தெரியாத முதலாளியிடம் பேசுவதற்குத்தான் கூட்டுக் குரல் மிகுதியும் வேண்டும்.

பழைய வகைத் தொழிற்சாலையிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளுள் தலையாயது, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே. சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. நமது அரசியல் சட்டத்தின் 19 ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் அளித்திருக்கின்றது. அவ்வுரிமை ஏட்டிலிருந்து தொழிற்சாலை வாயிலுக்கு வர இத்துணை முயற்சி வேண்டியிருந்தது.

இவ்வளவும் கூறிய நான், சங்கங்கள் குறையற்றவை என்று கூற வரவில்லை. கட்சிக்கு ஒன்றாகப் பிளந்து நிற்கும் சங்கங்கள் உண்டு. நிலையான வேலையில் உள்ளவரை மட்டும் காத்து, பக்கத்திலேயே பாதிக் கூலிக்கு உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரைக் கண்டும் காணாதிருக்கும் சங்கங்கள் உண்டு. பல ஆண்டுகள் தேர்தலே நடத்தாத தலைவர்களும் உண்டு. பிளவு எவ்வளவு கொடியது என்பதையும் அதே சென்னை ஆலைகளே நமக்குக் காட்டின. 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிரிந்தனர். ஆதித்திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். மற்றவர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வேலைநிறுத்தமும் தோற்றது. ஆலைக்குள் ஒரே தறியின் ஓசையைக் கேட்டவர்கள் ஆலைக்கு வெளியே ஒன்றாக வாழாததன் விளைவு அது. நோய் கண்ட உடம்புக்கு மருந்து வேண்டும். உடம்பே வேண்டாம் என்பார் எவரும் இலர்.

சங்கங்கள் திருந்த வேண்டிய தேவை இப்போது மிகுதி. 1926 ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. அதன்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச்சு நடத்தும் உரிமை பெறும். வேலைநிறுத்தத்திற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். இவ்விதிகள் உரிமையைச் சுருக்குகின்றன என்பாரும், ஒழுங்கு செய்கின்றன என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஆறு சங்கங்களாகச் சிதறி நிற்போர்க்கு இனி இடமில்லை. ஒப்பந்தத் தொழிலாளரையும் பெண்களையும் புதிதாக வந்த இளைஞரையும் சேர்த்துக்கொண்டு, கணக்கை எல்லோர் முன்னும் வைத்து, காலந்தோறும் தேர்தல் நடத்தும் சங்கமே நிலைக்கும்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் பொறியாளராவீர், சிலர் ஆசிரியராவீர், சிலர் நிர்வாகிகளாகவும் ஆவீர். கூலி வாங்கும் இடத்தில் அமர்ந்தால், சங்கத்தில் சேருங்கள்; சேர்வதோடு நில்லாமல் அதன் கூட்டத்திற்குப் போங்கள், கணக்கைக் கேளுங்கள். கூலி கொடுக்கும் இடத்தில் அமர்ந்தால், சங்கம் கேட்டுவந்து நிற்கும்பொழுது அதனைப் பகையென்று எண்ணாதீர்கள். சுவரில் வெடிப்பு விழுந்திருக்கின்றது என்பதை அஞ்சாமல் உங்களிடம் வந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம்.