கையெழுத்துப் போட்டால் மட்டும் போதுமா?

(மதுராந்தகத்தில் நமது டிரஸ்ட் நடத்திய இளம் தம்பதியர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று பிரசவத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அது பெண்கள் விஷயமாச்சே ஹஜ்ரத், நமக்கு அதில் என்ன வேலை?" என்று ஒரு தம்பி கேட்டார். 28 வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். இரவெல்லாம் வலி. விடியற்காலையில் டாக்டரம்மா வெளியே வந்து, "குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். நான், "அத்தாவைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எஸ்.டி.டி. பூத்தைத் தேடி ஓடினேன். "நம் குடும்பத்தில் யாருக்கும் வயிற்றைக் கிழித்ததில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்" என்றார் அத்தா. யோசித்து, தயங்கித் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. குழந்தை நான்கு நாட்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தது. பிறகு என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என்னைக் கேட்டிருந்தால் அப்போதே சரி என்று சொல்லியிருப்பேனே."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஊருக்குப் போன் போட்டேன், உள்ளே வலியில் கிடந்தவளைக் கேட்கவில்லை.

சகோதரர்களே, சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் உடலுக்குச் சிகிச்சை செய்ய அவருடைய சம்மதம்தான் தேவை. அவர் இடத்தில் நின்று மற்றவர் சம்மதம் தர முடியாது. மருத்துவமனையில் கணவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் முடிவு அவளுடையது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று நான் ஆபரேஷனுக்குப் பயந்தேன். இன்றோ தேவையில்லாமலே அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, துபாய்க்குத் திரும்புவதற்குள் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 22கூட இல்லை. நம் பெண்களின் உடல் மட்டும் இப்படி மாறிவிட்டதா என்ன?

குழந்தை குறுக்கே கிடந்தால், நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தால், துடிப்பு குறைந்தால் ஆபரேஷன் இரண்டு உயிர்களைக் காப்பாற்றும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காரணம் இல்லாமல் செய்தால் இரத்தப்போக்கு, புண்ணில் சீழ், அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்துகள் உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: "ஏன் தேவை? இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருக்கலாமா? காத்திருந்தால் என்ன ஆகும்?" மரியாதையாகக் கேளுங்கள். ஒன்பதாம் மாதம்வரை விடாமல் ஏழாம் மாதத்திலேயே, மனைவியோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.

பிரசவ நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருப்பதே பெரிய மருந்து. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு வெளியானது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைவாக இருந்தது என்கிறது அது. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்படி, அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம். மறைப்பு வசதி உள்ள இடத்தில் கணவரும் இருக்கலாம். யார் வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள். சிலருக்கு அம்மா வேண்டும், சிலருக்கு நாத்தனார், சிலருக்கு நீங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இருக்கட்டும். ஆனால் "பிள்ளை பிறந்ததும் சொல்லுங்கள்" என்று இங்கே கடையில் உட்கார்ந்திருக்காதீர்கள். இரத்த வகை தெரிந்து, அதே வகைக்காரர் இருவரிடம் முன்பே பேசி வையுங்கள். நம் அலுவலகத்திலும் பட்டியல் இருக்கிறது. இங்கிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், பாலாற்றுப் பாலத்து நெரிசலையும் கணக்கில் வைத்து உடனே 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இலவசம்.

கடைசியாக ஒன்று. "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று கேட்டு, ஆபரேஷன் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவளும் பெற்றவள்தான், அதோடு ஒரு காயத்தையும் சுமப்பவள். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டாம். இரவில் குழந்தையைத் தூக்கி அவள் மார்பில் கொடுங்கள். துணியை நீங்கள் அலசுங்கள். நம் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆண்மை நமக்கு வேண்டாம்.

நம் வீடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும், பெறும் ஒவ்வொரு தாயையும் அல்லாஹ் நலமாக வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.