கையும் கணக்கும்: குரோஷாப் போர்வைத் தொழிலில் நாம் பெற வேண்டிய இடம்

(பாலசமுத்திரத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நூலும் ஊசியும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது தேர்வோடு முடிந்துவிடுவதன்று. கற்றவன் தன் உழைப்புக்குத் தானே விலை கூறும் நிலையை அடையும்போதுதான் அது நிறைவு பெறுகின்றது. நம் தெருக்களில் இன்று பல பெண்கள் குரோஷா ஊசி பிடிக்கின்றனர். சில குடும்பங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நூற்கண்டுகளை அடுக்கிச் சிறு கடையும் நடத்துகின்றன. மேலே கோடைக்கானலின் குளிர், கீழே பழனியின் திருவிழாக் கூட்டம். இரண்டுக்கும் இடையில் வாழ்கின்ற நமக்குப் போர்வை விற்பனைக்கு ஏற்ற இடம் இயற்கையாகவே வாய்த்திருக்கின்றது. ஆயினும் அத்தொழிலில் நாம் கூலிக்குப் பின்னுவோராக நிற்கப் போகின்றோமா, அல்லது நூலையும் வடிவத்தையும் விலையையும் நம் கையில் வைத்திருப்போராக வளரப் போகின்றோமா? இவ்வொரு கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கேள்விக்கு விடை தேட முதற்கண் சற்று வரலாற்றைப் பார்ப்போம்.

அன்று திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், 1820ஆம் ஆண்டையொட்டி, மிஷனரிமாரின் மனைவியராகிய மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினர். அங்கே லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அது திண்டின்மேல் பல கட்டைகளைக் கொண்டு பின்னும் வேறுவகை லேஸ், குரோஷா அன்று. எனினும் அதன் பயன் நமக்குப் பாடமாகும். அடிமைச் சாதியினர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்களிற் சிலர் அப்பின்னலால் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அரசு ஆணை வருமுன்னரே ஊசியும் நூலும் சிலருக்கு விடுதலை அளித்தன என்பது எண்ணி எண்ணிப் பெருமை கொள்ளத்தக்க செய்தி. மால்ட் தம்பதியரின் மகளாகிய எலிசா அம்மையார் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றபோது, அத்தொழில் திருநெல்வேலிச் சீமைக்கும் பரவியது.

கடல் கடந்து நோக்கினால், குரோஷாவுக்கே உரிய எடுத்துக்காட்டு அயர்லாந்து. 1845ஆம் ஆண்டு தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் நேர்ந்தபோது, கன்னியர் மடங்களும் அறநெஞ்சம் படைத்த பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தனர். பல குடும்பங்கள் அதனால் உயிர் பிழைத்தன.

இவை ஒருபுறம் இருக்க, நாம் அஞ்சிப் பார்க்க வேண்டிய மறுபுறமும் உண்டு. ஆந்திர மாநிலம் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் குரோஷா லேஸைப் புகுத்தினர். முதலில் அதனைக் கற்றோர் கிறித்தவம் தழுவிய மாலா, மாதிகா மகளிர். அஃதாவது நம் உறவினர். பின்னர் வணிகம் வளர வளரப் பிற சாதிப் பெண்களும் பின்னத் தொடங்கினர். ஏற்றுமதியோ ஆடவராகிய வணிகர் கைக்குச் சென்றது. மரியா மீஸ் என்னும் செர்மானியச் சமூகவியல் அறிஞர் அவ்வூர்களில் தங்கி ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளர் என்று எக்கணக்கிலும் எழுதப்பெறவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே அவ்வேலை கருதப்பட்டது. அவர்கள் பெற்ற வருவாய், பெண் விவசாயத் தொழிலாளர்க்கு அரசு விதித்த குறைந்தபட்சக் கூலியினும் மிகக் குறைவு. நூல் கொடுப்பவர் ஒருவர், மாதிரி கொடுப்பவர் ஒருவர், விலை கூறுபவர் ஒருவர். விரல் தேய்பவர் மட்டும் வேறொருவர்! 2024ஆம் ஆண்டில் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஊரின் பெயர் காக்கப்படுவதனாலேயே பின்னுபவளின் கூலி உயர்ந்துவிடாது.

நாகர்கோவிலில் ஈட்டிய பொருள் ஈட்டியவள் கைக்கு வந்தது. நரசாப்பூரில் அது வராமற் போயிற்று. கைத்திறன் இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபாடு கணக்கில் இருந்தது. ஆதலின் இனிக் கணக்கைப் பேசுவோம்.

ஒரு போர்வைக்கு வடிவம் அமைத்தல் என்பது கண்ணுக்கு அழகான பூவை நினைத்துக் கொள்வது மட்டுமன்று. அஃது ஒரு கணிதப் பாடம். குரோஷாவில் ஒரே கொக்கி ஊசி. ஊசியிலே ஒரு வளையம். அவ்வளையத்திற்குள் நூலை இழுத்து அடுத்த வளையம். முதலிற் சங்கிலி, பின்பு வரிசை. அல்லது நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்ந்து நான்கு மூலை கொள்ளும் சதுரத் துண்டு. அத்தகைய துண்டுகளை இணைத்தால் போர்வை. பெரும் பின்னலைத் தொடங்குமுன் 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அது 5 கிராம் இருக்கின்றது எனக் கொள்வோம். 100 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழந்தைப் போர்வையின் பரப்பு 12,000 சதுர சென்டிமீட்டர். மாதிரியைப் போல் 120 மடங்கு. ஆகவே நூல் 600 கிராம். இணைப்புக்கும் கரைக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 660 கிராம். எட்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் பரப்பளவும் விகிதமும் இங்கே வீட்டுக்குள் வந்து நிற்கின்றன.

நூலின் தன்மையையும் அறிந்து வடிவம் அமைத்தல் வேண்டும். நம் கடைகளில் உல்லன் என்று விற்கப்படுவதிற் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. விலை குறைவு, நிறம் பளிச்சிடும், எளிதில் துவைக்கலாம். ஆனால் நெருப்பருகே ஆகாது, உருகிவிடும். பருத்தி நூல் குழந்தையின் தோலுக்கு இதமானது; எடை சற்றுக் கூடும். ஆட்டுக் கம்பளி வெதுவெதுப்பானது; வெந்நீரிலிட்டுக் கசக்கினாற் சுருங்கிவிடும். கோடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அங்கே பாரத் மெரினோ என்னும் மென்கம்பளி ஆட்டினத்தை வளர்க்கின்றனர். நம் மாணவியரை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது. மற்றொன்று: குழந்தைப் போர்வையில் பெரிய துளைகள் வைக்கலாகாது, பிஞ்சு விரல் சிக்கிக் கொள்ளும். அழகைவிடப் பாதுகாப்பே முதன்மை.

இனி நூற்கடையைப் பார்ப்போம். சிறு கடையின் முதல் எங்கே முடங்குகின்றது? நிறங்களில் முடங்குகின்றது. சிவப்பும் மஞ்சளும் விரைவில் தீரும். யாரும் கேளாத பழுப்பும் சாம்பலும் ஆண்டுக் கணக்கில் அலமாரியில் உறங்கும். ஒரே சிவப்பாயினும் ஒரு சாய எண்ணுக்கும் மற்றொன்றுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். வாங்குபவர் பாதிப் போர்வை பின்னியபின் அதே எண் கிடையாது போனால் கடையின் பெயர் கெடும். ஆகையால் உறையிலுள்ள சாய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு போர்வைக்குரிய நூல் முழுவதையும் ஒருசேரக் கொடுத்தல் வேண்டும். எஞ்சும் ஒற்றைக் கண்டுகளை என் செய்வது? இங்கேதான் கடையும் வடிவமும் ஒரே வீட்டில் இருப்பதன் பயன் தெரிகின்றது. விலை போகாத சாம்பல் நிறத்தைக் கரைக்கும் இணைப்புக்கும் வைத்து, எஞ்சிய பல நிறங்களைச் சதுரத் துண்டுகளின் நடுவே வைத்து வடிவம் அமைத்தால், முடங்கிய முதல் போர்வையாக எழுந்து வரும். கூலிக்குப் பின்னுபவளால் இதனைச் செய்ய இயலாது; கொடுத்த நூலில் கொடுத்த மாதிரியைத்தான் அவள் பின்ன வேண்டும்.

நம் மக்களுக்கு நூல் புதியதன்று. திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களின் நூற்பாலைகளில் நம் பெண்கள் எத்தனை ஆயிரவர் உழைத்தனர்! சுமங்கலித் திட்டம் என்னும் பெயரால், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி விடுதிக்குள் வைக்கப்பட்டவர் கதைகளை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நூற்கும் கைகள் நம்முடையவாயின. விற்கும் கைகள் நம்முடையவாகவில்லை. காரணம் திறமையின்மை அன்று. மொத்த வணிகத்தில் கடன் என்பது சொந்தபந்தத்தின் வழியும் சாதியின் வழியும் செல்கின்றது. அறிமுகம் உடையவருக்குச் சரக்கு முன்னே, பணம் பின்னே. நம்மவருக்குப் பணம் முன்னே, சரக்கு பின்னே. ஒற்றைக் குடும்பம் இத்தடையைத் தாண்டுவது கடினம்; பத்துக் குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் தாண்டலாம்.

இனி விலை. முன்னர்க் கூறிய போர்வையைப் பின்னுவதற்கு 40 மணி நேரம், அஃதாவது எட்டு மணி வீதம் ஐந்து நாள் ஆகின்றது எனக் கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு விதிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதனையே அடிமட்ட அளவாக வைத்தால் ஐந்து நாளுக்கு 1,680 ரூபாய். நூல் கிராமுக்கு 80 காசு என்று வைத்தால் 660 கிராமுக்கு 528 ரூபாய். கூட்டுத்தொகை 2,208. கடைச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 2,430 ரூபாய். இவ்விலைக்குக் கீழே விற்கும் ஒவ்வொரு ரூபாயும் பின்னியவளின் கூலியிலிருந்து கழிகின்றது. எந்திரத்தில் நெய்த போர்வை இதனினும் மலிவாகக் கிடைக்கும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் குரோஷாவைப் பெருமளவில் பின்னித் தள்ளும் எந்திரம் ஆலைகளில் இன்னும் வரவில்லை. கடையில் காணும் உண்மையான குரோஷா ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் பின்னியது. அதனை எந்திரத்தின் விலைக்கு விற்க முற்படுவதே நம்மை நாமே தாழ்த்திக் கொள்வதாகும். பெரிய போர்வைக்கு விலை கிட்டாவிடின் சிறிய போர்வை பின்னுவோம். நேரம் குறையும் வடிவம் காண்போம். கூலியைக் குறைக்க ஒருப்படோம்.

கூட்டு முயற்சியின் ஆற்றலுக்குச் சென்னையே சான்று. சுபஸ்ரீ நடராசன் அம்மையார் தொடங்கிய மதர் இந்தியா குரோஷே குயின்ஸ் என்னும் மகளிர் குழுவினர், 2016ஆம் ஆண்டு சனவரியில், தனித்தனியே பின்னிய போர்வைகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். பின்னர் அதனைப் பிரித்து வறியவர்க்கு வழங்கினர். வெவ்வேறு ஊர்ப் பெண்கள் ஒரே அளவையை ஒப்புக்கொண்டு பின்னினால் எத்துணைப் பெரிய காரியமும் கைகூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இறுதியாக, ஆசிரியர் என்னும் முறையில் கூறியே தீர வேண்டிய ஒன்று உண்டு. குடும்பத் தொழில் என்னும் சொல்லுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. விற்பனைக் காலம் வந்தால் பத்தாம் வகுப்பு மாணவி பள்ளிக்கு வருவதில்லை. கேட்டால், வீட்டில் வேலை என்பர். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்த திருத்தம், பள்ளி நேரத்திற்குப் பின் குழந்தைகள் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடம் தருகின்றது. சட்டம் இடம் தருவதனாலேயே அது முறையாகிவிடாது. தந்தையின் தொழிலே பிள்ளைக்கும் என்று பூட்டி வைத்த முறையால் நொந்தவர் நாம். அப்பூட்டை நம் வீட்டிலேயே புதிதாகச் செய்யலாமா? ஊசி மாணவிக்குக் கைத்திறனாக இருக்கட்டும், கட்டாயமாக வேண்டா. அவ்வாறே, பின்னும் மனைவியின் கூலியும் மகளின் கூலியும் வீட்டு வேலை என்று கணக்கிலிருந்து நீங்கலாகாது. நரசாப்பூரில் நேர்ந்தது அதுவே.

ஆதலின் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோளை வைக்கின்றோம்.

முதலாவது, பின்னும் ஒவ்வொரு பெண்ணும் தன் வடிவங்களைக் கட்டக் காகிதத்தில் வரைந்து, பெயரும் நாளும் இட்டுக் காக்கும் வடிவ ஏடு ஒன்றைத் தொடங்கட்டும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் உரிமை உண்டு; ஆனால் வெளியிட்டுவிட்ட பின் பதிவு செய்ய இயலாது என்பதை மறவற்க. இரண்டாவது, நூலைக் கூட்டாக வாங்குவோம். தாட்கோ நிறுவனம் 1974ஆம் ஆண்டில் நமக்காகவே அமைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருவதாக அமைந்தது. விண்ணப்பம் எழுதித் தரச் சங்கத்தின் பட்டதாரி இளைஞர்கள் முன்வரட்டும். மூன்றாவது, நூல், நேரம், விலை மூன்றையும் எழுதும் கணக்கேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். அதனைப் பின்னுபவரே எழுதட்டும். நான்காவது, பள்ளி நேரத்தில் எந்த மாணவி கையிலும் ஊசி இருத்தலாகாது என்று இவ்வவை தீர்மானம் நிறைவேற்றட்டும்.

நம் ஊருக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராசன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் கைவினைஞர் இருந்தனர். அவர்தம் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று நமக்கு எழுத்தும் எண்ணும் வாய்த்திருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் உழைத்ததும் அதற்காகத்தான். நம் பெண்கள் பின்னும் போர்வையில் அவர்தம் பெயரும், கணக்கேட்டில் அவர்தம் கூலியும் இடம்பெறச் செய்வது நம் கடமை.