பிளஸ் டூவுக்குப் பிறகு

பார்வையற்ற பிள்ளை ஒண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா வீட்டுல முதல்ல வர்ற கேள்வி என்ன தெரியுங்களா? "தனியா எப்படி காலேஜுக்குப் போகும்?" மார்க் பத்தின கவலையே இல்ல, பஸ் பத்தித்தான்!

நியாயமான கவலைதான். ஆனா அதைப் பரீட்சை முடிஞ்ச பிறகு பட்டா எப்படி? வெள்ளைக்கோல் பிடிச்சு நடக்கிறது, காய் நறுக்குறது, காசு எண்ணுறது இதெல்லாம் எட்டாவது ஒன்பதாவதிலேயே பழகிடணும். புது நூறு ரூபாய் நோட்டோட ரெண்டு ஓரத்தையும் தடவிப் பாருங்க. புடைச்ச மாதிரி நாலு சாய்கோடு தட்டுப்படும். ஐந்நூறு ரூபாய்னா அஞ்சு. பார்வையற்றவங்களுக்காகவே போட்டது. கசங்கின நோட்டுல கோடு மழுங்கிடும், அது வேற விஷயம்!

அடுத்தது கம்ப்யூட்டர். திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற மென்பொருள் இருக்கு. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின் அதை வச்சுப் படிச்சாங்க. அம்மாவும் புத்தகம் வாசிச்சுக் காட்டினாங்க. 2015-ல இந்திய வெளியுறவுப் பணிக்குப் போன, முழுக்கப் பார்வையற்ற முதல் அதிகாரி அவங்கதான்.

2016-ஆம் வருஷச் சட்டப்படி, அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைஞ்சது 5 சதவீத இடம் உண்டு. பரீட்சையில சொல்லச் சொல்ல எழுத ஆள் வச்சுக்கலாம்; மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு. இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டியது. உங்க தெருவுல அப்படி ஒரு பிள்ளை இருந்தா, இன்னிக்கே அவங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க.