முதல் நாளிலேயே தொடங்கும் உரிமை

மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களில் பலர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பில்லைப் பார்க்கும்போதுதான் கோ-பே என்ற நிபந்தனையைக் கவனிப்பார்கள். இருபது சதவீதம் கோ-பே என்றால், ஒரு லட்சம் ரூபாய் பில்லில் எண்பதாயிரத்தைக் காப்பீட்டு நிறுவனம் தரும். மீதி இருபதாயிரம் நோயாளியின் கைப்பணம். மூத்த குடிமக்களுக்கான பாலிசிகள் பலவற்றில் இது உண்டு. எல்லாமே இலவசம் என்றால் தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், தன் காசும் போகும் என்றால்தான் யோசிப்பார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயத்தைச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று விரியும் பட்டாசு வட்டாரத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பணயம் வைத்துச் செய்யும் வேலையில் சிகிச்சைக்கான உரிமை முதல் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். எத்தனை நாள் உழைத்தாய், எவ்வளவு கட்டினாய் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

கோ-பே பற்றி உலகில் நடந்த பெரிய சோதனை, அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை நடத்தியது. சில குடும்பங்களுக்கு முழு இலவசம். மற்றவர்களுக்கு 25, 50, 95 சதவீதம் என்று விதவிதமான பங்கு. பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்களின் உடல்நலம் அதனால் கெட்டுவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் குறைத்துக்கொண்டதில் வேண்டாத சிகிச்சையோடு வேண்டிய சிகிச்சையும் போயிற்று. ரத்தக்கொதிப்பு இருந்த ஏழைகளைப் பார்த்தால், இலவசப் பிரிவில் இருந்தவர்களே நன்றாக இருந்தார்கள். தீக்காயத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தாது. மணிமருந்து என்ற பட்டாசு வெடிமருந்து உராய்ந்து தீப்பிடித்தால், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. யோசனை வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். விரலும் முழங்கையும் மடங்கியபடியே நின்றுவிடாமல் இருக்கத் தோல் ஒட்டு அறுவையும், மாதக்கணக்கில் பிசியோதெரபியும் தேவை. சிகிச்சை முழுக்க இலவசம் என்றாலும் மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ் செலவு, கூடப் போகிறவரின் ஒருநாள் கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஆக, எந்தப் பாலிசியிலும் எழுதப்படாத ஒரு கோ-பேயை இவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன்மேல் இன்னொன்றையும் சுமத்தினால், பாதியில் நிற்பது பிசியோதெரபிதான். திரி வெட்டிப் பிழைக்கிற கைக்கு அதுவே நிரந்தர ஊனம்.

இந்த உண்மையை நம் சட்டம் எப்போதோ புரிந்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம் வகுத்த ஏற்பாட்டில், சிகிச்சை பெறும் நேரத்தில் கோ-பே கிடையாது. சந்தா முன்கூட்டியே சம்பளத்தில் பிடிக்கப்படும். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சாதாரண நோய்க்கு விடுப்புச் சம்பளம் வேண்டுமானால் ஆறுமாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே விபத்து நடந்தாலும் கூலியில் 90 சதவீதம் உண்டு. உயிர் போனால் அந்த 90 சதவீதம் குடும்பத்தாருக்குப் பங்கிடப்பட்டு மாதாமாதம் வரும். அமெரிக்காவின் குடியுரிமைச் சட்டத்திலும் இதே தர்க்கம் இருக்கிறது. அந்நியர் ஒருவர் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்தால், அமைதிக் காலத்தில் ஓராண்டு சேவை செய்த பிறகே குடியுரிமைக்கு, ராணுவத்தினருக்கான சலுகை வழியில் விண்ணப்பிக்கலாம். போர்க்காலமாக அறிவிக்கப்பட்ட நாட்களிலோ அந்த ஓராண்டைச் சட்டம் கேட்பதில்லை. உயிருக்கு ஆபத்து முதல் நாளிலேயே வந்துவிடும்போது உரிமை மட்டும் தாமதமாக வருவது நியாயமில்லை என்பதே இரண்டு சட்டங்களின் அடிப்படை.

சட்டம் சரி, சங்கடம் பதிவேட்டில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியும் விண்ணப்பம் போடாததால் குடிமக்களாகாமல், பின்னாளில் ஏதோ ஒரு வழக்கில் நாடுகடத்தப்பட்ட வீரர்கள் உண்டு. ரத்தம் சிந்தியதற்குச் சாட்சி இருந்தது; காகிதம் இல்லை. பட்டாசு வட்டாரத்தில் இதே நிலைக்குப் பெயர் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை எடுத்து நடத்துபவர்கள் வேறு பலர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்திலும் உள்குத்தகை பேசப்பட்டது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர், சீசனுக்கு மட்டும் வருபவர் ஆகியோரின் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது என்பது விபத்துக்குப் பிறகுதான் தேடப்படும். இவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் நல்ல திட்டம் அது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு 500 ரூபாய் வீதம் ஒரே ஒருவர் 250 நாள் உழைத்தாலே 1,25,000 ஆகிவிடுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்தத் திட்டம் கூலியையும் ஈடுகட்டாது.

மறுப்புகளும் இருக்கின்றன. சிறு ஆலைகள் தாங்குமா என்பது முதலாவது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்ததிலிருந்து தொழில் தள்ளாடுவது உண்மைதான். ஆனால் 500 ரூபாய் கூலிக்கு முதலாளியின் பங்கு நாளுக்கு 16 ரூபாய் 25 காசு. பட்டாசின் விலை சொல்லும்போது மருந்தும் காகிதமும் கணக்கில் வருகின்றன. மனித உடம்பும் வரட்டும். தொழிலாளிகளே பிடித்தம் வேண்டாம் என்கிறார்களே என்பது இரண்டாவது. முழுக் கூலியைக் கையில் வாங்க நினைப்பது இயல்பு. நாளுக்கு 3 ரூபாய் 75 காசை மிச்சம் பிடித்து அவர்கள் இழப்பது முதலாளி கட்ட வேண்டிய நாலு மடங்குக்கும் மேலான பங்கை என்று யாராவது எடுத்துச் சொன்னால் பதில் மாறக்கூடும். மூன்றாவது மறுப்பு கடினமானது. வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்பவருக்கும் உரிமை என்றால், சட்டமீறலுக்கு ஊக்கம் கொடுப்பதாகாதா? குற்றத்துக்கு வழக்கு இருக்கிறது, அது நடக்கட்டும். வெந்த உடம்புக்குச் சிகிச்சையை மறுப்பது எந்தச் சட்டத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை. அதோடு, சிகிச்சைக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஒளிபவர்களால் அந்தக் கள்ளத் தொழில் மேலும் மறைவாகத்தான் நடக்கும்.

செய்ய வேண்டியது புதுச் சட்டம் அல்ல. முதலாளி சந்தா கட்டாமல் விட்டாலும் தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆம் பிரிவு வழி சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால், ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும். பட்டாசை விட அந்த அறிவிப்புக்குத் தகுதியான தொழில் எது? உள்குத்தகை அறையில் நடந்த விபத்துக்கும் உரிமதாரரே பொறுப்பு என்பதை உறுதியாக அமல்படுத்த வேண்டும். காலையில் வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் மருந்து அறைக்குள் காலெடுத்து வைக்கும் முன் பதிவாக வேண்டும். பதியாமல் விட்டதன் செலவு பதியாதவர் தலையில் விழட்டும். இன்று அது தீயில் வெந்தவர் தலையில் விழுகிறது. அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நிவாரணம் அரசின் மனதைப் பொறுத்தது. மாதாமாதம் வரும் இ.எஸ்.ஐ. உதவித்தொகையைக் கேட்டு வாங்க ஒரு குடும்பத்துக்குச் சட்டம் துணை நிற்கும்.